எஞ்சின் நின்றபோது
நம் கரையில் விசைப்படகு வந்த வரலாறும் கயிறு கொடுக்கும் வழக்கமும்

பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டபோது, ஆலயம் எழுந்த வரலாற்றையே எழுதலாம் என்று முதலில் எண்ணினோம். ஆனால் அதனை நம் ஊர்ப் பெரியவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் நம்மைவிடச் சிறப்பாக எழுதியுள்ளனர். எனவே ஆலயக் கோபுரத்தைக் கடலிலிருந்து பார்க்கும் ஒரு வரலாற்றை எழுதத் துணிந்தோம். அது நம் மக்களின் படகுகளில் எஞ்சின் ஏறிய வரலாறு. அந்த எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோகும்போது நம் மக்கள் என்ன செய்தார்கள் என்ற வரலாறு.

இதனை வாசிப்போரில் பெரும்பாலோர் இப்பொருளில் நமக்கு ஆசிரியர்களாக இருக்கத் தக்கவர்கள். குருமடத்தில் நாம் தத்துவமும் இறையியலும் பயின்றோமேயன்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் பயின்றோமில்லை. இங்கே எழுதுவன எல்லாம் நம் குருமனைத் திண்ணையில் பெரியவர்கள் சொல்லக் கேட்டனவும், நூல்களில் படித்தனவும், ஒருமுறை நாமே கண்டனவும் ஆகும். இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

பாயும் துடுப்பும் இருந்த காலம்

கடலில் செல்லும் கலம் தன் விசையை இழப்பது எஞ்சின் வந்த பிறகு தோன்றிய இடர் அன்று. மணப்பாட்டுத் திருச்சிலுவையின் மரபு வரலாற்றை நம்மில் அறியாதார் இல்லை. 1540-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய் கிழிந்து பாய்மரமும் முறிந்து அலைகளின் போக்கில் ஒதுங்கியது என்றும், தப்பிக் கரையேறிய தலைவர் அம்மரத்தில் சிலுவை செய்து மணப்பாட்டுக் குன்றின்மேல் நட்டார் என்றும் அம்மரபு கூறுகிறது. அங்கே திருச்சிலுவை ஆலயம் எழுந்தது 1581-இல். முறிந்துபோன பாய்மரம் ஒரு கரைக்கே அடையாளமாக நின்றது எனலாம்.

நம் முன்னோரின் கட்டுமரத்தில் பழுதுபட அதிகம் ஒன்றும் இல்லை. மரங்களைக் கயிற்றால் பிணைத்த கலம் அது. அலை ஏறினால் இடுக்குகள் வழியே நீர் இறங்கிவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது, நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். பாய் கிழிந்தால் துடுப்பு இருந்தது. துடுப்பு முறிந்தால் பக்கத்துக் கட்டுமரக்காரர் இருந்தார். காற்று ஓய்ந்தால் எல்லாருக்கும் ஓய்ந்தது. ஆதலால் எல்லாரும் ஒன்றாகவே காத்திருந்தனர். கரையிலிருந்து வெகுதூரம் செல்லவும் அவர்களால் இயலவில்லை. அதனால் வெகுதூரத்தில் அகப்பட்டுக்கொள்ளவும் இல்லை. இந்த நிலையை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் எஞ்சின் எதை மாற்றியது என்பது விளங்கும்.

எஞ்சின் பிறந்த கதை

இன்று நம் கடற்புறத்தில் ஒலிக்கும் எஞ்சின்கள் இரு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று, படகின் உள்ளே நிலையாக அமர்ந்திருக்கும் டீசல் எஞ்சின். ஜெர்மனியில் ருடால்ப் டீசல் என்பவர் 1897-இல் தம் எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். தீப்பொறி இன்றி, காற்றை அழுத்தி எழும் வெப்பத்தாலேயே எண்ணெயை எரியச் செய்வது அதன் தனித்தன்மை.

மற்றொன்று, படகின் பின்புறத்தில் மாட்டி, வேண்டும்போது கழற்றித் தோளில் சுமந்து வரக்கூடிய வெளிப்பொருத்து எஞ்சின். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இதனை 1909-இல் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஓலே எவின்ரூட். இவர் நார்வே நாட்டில் பிறந்து சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். அவருடைய தொடக்க கால எஞ்சின் ஒன்றரைக் குதிரைத்திறன் உடையது. எடை ஏறத்தாழ 28 கிலோ. ஒருவர் தூக்கக்கூடிய அந்த எடையே அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று. துறைமுகம் இல்லாத, மணலில் படகு ஏற்றும் கரைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விசை வேறில்லை.

நீண்டகரையிலிருந்து நம் கரைக்கு

எவின்ரூட் பிறந்த அதே நார்வே நாடுதான் பிற்காலத்தில் நம் அண்டைக் கரைக்கும் எஞ்சினைக் கொண்டுவந்தது. 1952 அக்டோபர் 17 அன்று இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி 1953 முதல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ–நார்வேஜியத் திட்டம் செயற்படத் தொடங்கியது. பிற நாட்டு வளர்ச்சிக்கென்று நார்வே எடுத்துக்கொண்ட முதல் திட்டமே இதுதான். அக்காலத்தில் நம் கன்னியாகுமரிப் பகுதியும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றே அது தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே நீண்டகரையின் கதை நமக்கு அயல் கதை அன்று.

திட்டத்தின் நோக்கம் உள்ளூர் மீனவருக்குச் சிறு விசைப்படகுகளைத் தருவது. அதே 1953-இல்தான் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று. அதன் பிறகு இறால் பொன்னாயிற்று. 1960-களில் இழுவலைப் படகுகள் பெருகின. திட்டத்தின் பணிகள் பின்னர் தமிழகத்தில் மண்டபம் வரை விரிந்தன. தமிழக அரசும் ஐந்தாண்டுத் திட்டங்களின் வழியே விசைப்படகுகளைக் கட்டி வழங்கிற்று.

எனினும் டீசல் எஞ்சின் பொருத்திய பெரிய படகுக்கு நிற்க ஒரு துறைமுகம் வேண்டும். அலையடிக்கும் நம் மணற்கரையில் அதனை ஏற்றவும் இறக்கவும் முடியாது. எனவே பெரும்பாலான நம் ஊர்கள் கட்டுமரத்தோடும் வள்ளத்தோடும் தொடர்ந்து வாழ்ந்தன. 1970-களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் ஆதரவில் முட்டத்தில் படகு கட்டும் பணி நடந்ததும், பெல்ஜிய நாட்டவரான பியர் கில்லே அங்குத் தங்கி நம் கரைக்கு ஏற்ற சிறு படகுகளை உருவாக்க உழைத்ததும் நன்றியோடு நினைக்கத்தக்கன. மரம் கிடைப்பது அரிதாகிவந்த அந்நாளில் ஒட்டுப்பலகையால் வள்ளம் கட்டும் முறை பரவிற்று; பின்னர் ஃபைபர் வந்தது. 1980-இல் திருவனந்தபுரத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. படகு கட்டுதல், வெளிப்பொருத்து எஞ்சின் வழங்குதல், அதனைப் பழுதுபார்க்கும் பட்டறைகளை நடத்துதல் ஆகியவற்றை அது மேற்கொண்டது.

1980-களில் நம் கரையெங்கும் மண்ணெண்ணெய் எஞ்சின் ஒலிக்கத் தொடங்கியது. நம் ஆலயக் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு பூசி முடித்த சில ஆண்டுகளில் ஊரின் முதல் எஞ்சின் இறங்கியதாகவும், அதனைப் பார்க்க மறைக்கல்வி வகுப்பை விட்டுப் பிள்ளைகள் ஓடியதாகவும் பெரியவர்கள் சிரித்தபடி கூறுவர்.

எஞ்சின் கொண்டுவந்த நோய்கள்

எஞ்சின் தூரத்தைச் சுருக்கியது. மீனைப் பிடித்து விரைவாகக் கரைசேர்க்க உதவியது. எதிர்க்காற்றில் துடுப்பு வலித்துத் தேய்ந்த தோள்களுக்கு ஓய்வு தந்தது. இவற்றை மறுப்பது நன்றிகேடு. ஆயின் ஒவ்வொரு வகை எஞ்சினும் தனக்கே உரிய நோயையும் உடன் கொண்டுவந்தது.

மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலில் உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பும் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். இதை மறந்து மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். குளிர்ந்த எஞ்சின் அதில் பற்றாது. வலை வாங்கி முடித்துக் கயிற்றை இழுக்கும்போதுதான் பிழை தெரியவரும். பிளக்கில் கரி படிவதும் எண்ணெய் ஈரம் கோப்பதும் அடுத்த நோய்.

சிறு எஞ்சின்களில் புரொப்பெல்லரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய பின் உண்டு. பாறையிலோ மரத்திலோ இடித்தால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையாமல், அந்தப் பின் மட்டும் உடையும்படி வேண்டுமென்றே மென்மையாகச் செய்திருப்பார்கள். அவசரத்தில் அதற்குப் பதிலாக இரும்பு ஆணியைச் செருகியவர்கள், அடுத்த இடியில் பல்சக்கரத்தையே இழந்தார்கள். மாற்றுப் பின்னை எஞ்சினிலேயே கட்டி வைக்கும் பழக்கம் அந்தப் பட்டறிவில் வந்தது.

டீசல் எஞ்சினுக்கு வேறு நோய். எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். திருகைத் தளர்த்தி, கைப்பம்பால் எண்ணெயை ஏற்றி, குமிழிகள் தீர்ந்து தெளிந்த எண்ணெய் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இன்னொன்றும் உண்டு. தொட்டியின் அடியில் மாதக்கணக்கில் படிந்த அழுக்கும் நீரும், அமைதியான கடலில் அசையாமல் கிடக்கும். கடல் கொந்தளிக்கும்போது அவை கலங்கி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் மிகவும் வேண்டப்படும் நாளிலேயே அது நிற்பது ஏன் என்று பலர் தலைவிதியை நொந்துகொள்வதுண்டு. காரணம் விதியன்று, கழுவாத தொட்டி.

இவற்றோடு இக்காலத்தில் பிளாஸ்டிக் சேர்ந்துகொண்டது. எஞ்சினைக் குளிர்விக்க நீர் உறிஞ்சும் வாயில் ஒரு பை ஒட்டிக்கொண்டால் போதும். எஞ்சினிலிருந்து பீய்ச்சும் சிறு நீர்த்தாரை நின்றதைக் கவனிக்காமல் ஓட்டினால் சில நிமிடங்களில் எஞ்சின் வெந்துவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது கரையிலிருந்த எஞ்சின்களில் உப்புநீரும் மணலும் புகுந்தன. மூழ்கிய எஞ்சினைக் காயவிட்டால் துருப்பிடிக்கும் என்பதும், உடனே நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றிக் கயிற்றை இழுத்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, எண்ணெய் இட்டு ஓடவிட வேண்டும் என்பதும் பலரும் அறிந்ததே. ஆனால் அந்நாளில் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு எஞ்சினைக் கழுவ ஏது மனம்? பின்னர் பட்டறைக்காரர்கள் ஊர் ஊராக அமர்ந்து அவற்றைப் பிரித்துச் செப்பனிட்டதை நாம் மறக்கலாகாது.

நாம் கண்ட ஒரு நாள்

இப்பங்கிற்கு நாம் வந்த முதல் ஆண்டில், மக்களின் தொழிலை அறிய வேண்டும் என்ற ஆவலால், ஒரு பெரியவரின் ஃபைபர் வள்ளத்தில் கடலுக்குச் சென்றோம். பெரியவரும், அவர் பேரனும், மற்றும் இருவரும் உடனிருந்தனர். திரும்பும் வேளையில், இருபது பாக ஆழத்தில், எஞ்சின் இருமுறை இருமிவிட்டு நின்றது. கச்சான் காற்று ஏறிக்கொண்டிருந்தது. கிழக்கே பாறைகளின்மேல் அலை வெண்மையாக உடைவது கண்ணுக்குத் தெரிந்தது.

பேரன் பாய்ந்து சென்று கயிற்றை இழுத்தான். ஐந்து முறை, பத்து முறை இழுத்தான். பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. அமர்ந்தபடியே சொன்னார்:

"மக்கா, முதல்ல நங்கூரத்தப் போடு. எஞ்சின் எங்கயும் போயிராது. நாமதான் போயிருவோம்."

பிறகு நம்மைப் பார்த்து, "சாமி, அசையாம நடுவுல இரும்" என்றார்.

நங்கூரம் பிடித்தது. வள்ளத்தின் அணியம் அலையை நோக்கித் திரும்பியது. ஆட்டம் குறைந்தது. அதன் பிறகே அவர் எஞ்சினிடம் சென்றார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார், ஈரமாக இருந்தது. குழாயைப் பிடுங்கி எண்ணெயை ஒரு சிரட்டையில் பிடித்துப் பார்த்தார். அடியில் முத்து முத்தாக நீர் நின்றது. முந்தின நாள் மழையில் மூடி சரியாக இடாத கேன் அது. இருந்த நல்ல எண்ணெய் கொஞ்சமே. அதைக் கொண்டு எஞ்சின் உயிர்பெற்றாலும் ஊர்வரை போதாது என்று கணக்கிட்டார்.

துடுப்பில் ஒரு துணியைக் கட்டி உயர்த்தினார்கள். தொலைவில் வலை விட்டுக்கொண்டிருந்த ஒரு வள்ளம் அதைக் கண்டது. வலையைச் சுருட்ட அவர்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. பின் வந்து கயிறு கொடுத்தார்கள். கரை சேர்ந்ததும் பெரியவர் எண்ணெய்க்குப் பணம் நீட்டினார். அந்த வள்ளக்காரர் வாங்கவில்லை. "நாளைக்கு நான் துணி கட்டமாட்டேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சென்றார்.

பெரியோர் வகுத்த ஒழுங்கு

அன்று கண்டதையும் பின்னர் பலரிடம் கேட்டதையும் இளைஞர்களின் நலன் கருதி இங்கே தொகுத்து வைக்கிறோம்.

எஞ்சின் நின்றவுடன் முதல் வேலை படகை நிறுத்துவது. எஞ்சினை ஓட்டுவது இரண்டாம் வேலை. நங்கூரம் எட்டாத ஆழமாயின், கயிற்றில் கட்டிய வாளியையோ சுருட்டிய வலையையோ அணியத்திலிருந்து நீரில் விடலாம். படகு அலைக்குப் பக்கம் காட்டாமல் முகம் காட்டி நிற்கும். அடுத்து, கரையிலுள்ள இரு அடையாளங்களை ஒன்றுக்கொன்று நேர்பிடித்துத் தாம் நிற்கும் இடத்தை அறிய வேண்டும். கோபுரமும் அதன் பின்னே மலையும் ஒரு கோட்டில் வருவது ஓர் அடையாளம். வேறு திசையில் அப்படி இன்னொன்று. மருந்துவாழ் மலையையும் முட்டத்துக் கலங்கரை விளக்கத்தையும் கரையோரக் கோயில் கோபுரங்களையும் இவ்வாறு பார்த்தே நம் முன்னோர் கடலடிப் பாறைகளைக்கூடத் தேடிக் கண்டனர். கருவி கெட்டாலும் மலை கெடாது.

மூன்றாவதாகவே எஞ்சின். அதிலும் எளியதை முதலில் பார்க்க வேண்டும்: எண்ணெய் உள்ளதா, நீர் கலந்துள்ளதா, தொட்டி மூடியின் காற்றுத்துளை திறந்துள்ளதா, பிளக் உலர்ந்துள்ளதா, புரொப்பெல்லரில் வலை சுற்றியுள்ளதா. இவற்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கைக்கு எட்டாததைக் கடலில் கழற்றுவது திருகுகளை மீனுக்கு இரையாக்குவதாகவே முடியும்.

உதவி கேட்பதில் வெட்கம் கூடாது. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்துவது, 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளில் ஆபத்துக் குறியாக ஏற்கப்பட்டுள்ளது. எந்த நாட்டுக் கப்பலும் அதனைப் புரிந்துகொள்ளும். நம் நாட்டுக் கடலோரக் காவல்படை 1978-இல் நிறுவப்பட்டது. அதனை அழைக்கும் கட்டணமில்லா எண் 1554. செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ உருவாக்கியுள்ளது. செய்தி கிடைத்தது என்ற மறுமொழி படகுக்கே திரும்பி வரும் புதிய வகையும் 2024-இல் வந்துள்ளது. இவற்றை வாங்கி, பெட்டியில் பூட்டி வைக்காமல், கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறோம்.

இவை எல்லாம் இருந்தாலும் ஒரு துடுப்பும், ஒரு சிறு பாயும், நீளமான நல்ல கயிறும் படகில் இருக்கட்டும். இப்போது பல வள்ளங்களில் பாய் இல்லை. இடத்தை அடைக்கிறது என்கிறார்கள்.

ஒக்கி கற்பித்த பாடம்

2017 நவம்பர் 29, 30 நாள்களில் வீசிய ஒக்கிப் புயலை எழுதாமல் இக்கரையின் வரலாற்றை எவரும் எழுத இயலாது. எச்சரிக்கை வந்தபோது நம் மாவட்டத்து மக்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். தூத்தூர்ப் பகுதியார் கரையிலிருந்து பல நாள் பயணத் தொலைவில் தொழில் செய்பவர்கள். அவர்களின் படகுகளில் சில லட்சத்தீவிலும் வேறு சில கர்நாடக, மகாராட்டிரத் துறைகளிலும் ஒதுங்கின. பலர் திரும்பவே இல்லை. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர்கள் சொன்ன செய்திகளைக் கேட்டு நாடே கலங்கிற்று.

அத்தகைய காற்றில் நல்ல எஞ்சினும் தோற்கும். அதனை எஞ்சின் பழுதின் கணக்கில் எழுத இயலாது. ஆனால் எஞ்சின் நம்மைக் கொண்டுசென்ற தொலைவை அந்நாள்தான் நமக்கு அளந்து காட்டியது. பாயில் சென்ற காலத்தில் துணி கட்டினால் பக்கத்துக் கட்டுமரக்காரர் கண்டார். இன்றோ பக்கத்துப் படகு அடிவானத்துக்கு அப்பால் இருக்கிறது.

கயிறு கொடுப்பதன் விலை

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். பெயர்கள் வேண்டா, ஊர் அறியும்.

சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த ஒரு வள்ளம் எஞ்சின் பழுதாகித் தவித்தது. மற்றொரு வள்ளம் அதனைக் கட்டி இழுத்து வந்தது. மறுநாள், இழுத்து வந்தவர் பணம் கேட்டார் என்ற செய்தி ஊரில் பரவியது. இரு குடும்பங்களும் பேச்சை நிறுத்திக்கொண்டன. நாம் அதைக் கேட்டு வருந்தி, ஞாயிறு மறையுரையில், உதவிக்கு விலை கேட்பது நம் முன்னோர் அறியாத வழக்கம் என்று சற்றுக் கடுமையாகவே பேசினோம்.

அன்று மாலை அம்மனிதர் குருமனைக்கு வந்தார். நம் மேசைமேல் ஓர் அறுந்த கயிற்றின் நுனியை வைத்தார். "சாமி, நான் கூலி கேக்கல. அவங்க பாறைப் பக்கம் போயிட்டிருந்தாங்க. வலையச் சுருட்ட நேரமில்ல. அறுத்து விட்டுட்டுப் போனேன். அந்த வலைக்கு இன்னும் கடன் அடைக்கல" என்றார்.

நம்மிடம் மறுமொழி இல்லை. விசாரியாமல் பீடத்திலிருந்து பேசியது நம் பிழை. அதனை அடுத்த ஞாயிறு அதே பீடத்திலிருந்து ஒப்புக்கொண்டோம். இங்கும் எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

பிறகு இதனை எண்ணிப் பார்த்தோம். நம் முன்னோர் இலவசமாகக் கயிறு கொடுத்தது உண்மை. ஆனால் அவர்கள் கொடுத்தது காற்றும் கைவலிமையும். இன்று கயிறு கொடுப்பவர் கொடுப்பது கேன் கணக்கில் மண்ணெண்ணெய். ஒரு நாள் பிடிப்பு. சில வேளைகளில் கடன்பட்டு வாங்கிய வலை. எஞ்சின் நம் அன்பைக் குறைக்கவில்லை. அன்பின் செலவைக் கூட்டிவிட்டது. அந்தச் செலவை யார் தாங்குவது என்று நாம் ஒருபோதும் பேசி முடிவு செய்யவில்லை. மனவருத்தத்தின் வேர் அங்கே இருக்கிறது.

கடற்சட்டமும் இதே கேள்வியைச் சந்தித்தது. 1910-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பல நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கை, கடலில் உயிராபத்தில் இருக்கும் எவருக்கும், அவர் பகைநாட்டவரே ஆயினும், உதவுவது கப்பல் தலைவரின் கடமை என்றது. காப்பாற்றப்பட்ட உயிருக்காக அம்மனிதரிடம் கூலி பெறலாகாது என்றும் கூறியது. ஆனால் காப்பாற்றப்பட்ட கலத்துக்கும் சரக்குக்கும், காத்தவரின் உழைப்பையும் செலவையும் எண்ணி ஊதியம் உண்டு என்றது. உயிரையும் உடைமையையும் பிரித்துப் பார்த்த அந்த அறிவு நமக்கும் உதவும்.

திருத்தூதர் பேதுருவின் வலை மீன்களால் கிழியும் நிலையில், மற்றப் படகில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டியதையும் அவர்கள் வந்து உதவியதையும் நாம் அறிவோம். அங்கே சைகையைக் கண்டவர்கள் கூட்டாளிகள். லாபத்திலும் நட்டத்திலும் பங்குடையவர்கள். நம் ஊரும் அவ்வாறு கூட்டாளிகளாக வேண்டும்.

எனவே பங்குப் பேரவையும் மீனவர் சங்கமும் அன்பியப் பொறுப்பாளர்களும் கூடிப் பேசி, இப்பொன்விழா ஆண்டில் ஒரு பொது நிதியைத் தொடங்கியுள்ளோம். கடலில் கயிறு கொடுத்தவர் செலவிட்ட எண்ணெய் அளவு அதே நாளில் அந்நிதியிலிருந்து திருப்பித் தரப்படும். உயிர் காக்க வலையை அறுத்தவருக்கு, சங்கத்தார் பார்த்து மதிப்பிட்டு, வலையின் விலையில் இயன்ற பங்கு தரப்படும். இழுக்கப்பட்டவர் எதுவும் தர வேண்டியதில்லை. திருவிழாவின் வாணவேடிக்கைக்கென ஒதுக்கிய தொகையில் பாதியே இந்நிதிக்கு முதல் கொடையாயிற்று. இதில் வருத்தமுற்ற இளைஞர் சிலர் உண்டு. அவர்களும் கடலுக்குச் செல்பவர்களே ஆதலால் ஒருநாள் நம்மை மன்னிப்பார்கள் என நம்புகிறோம்.

முதல் தொகை அறுந்த கயிற்றின் சொந்தக்காரருக்கே வழங்கப்பட்டது. அதனைப் பெற்றுக்கொள்ள அவர் மிகவும் தயங்கினார். இழுக்கப்பட்ட வள்ளத்துக்காரர்தாம் அவர் கையைப் பிடித்து வாங்கச் செய்தார். இப்போது இரு குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே மறைக்கல்வி வகுப்பில், ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள்.

அன்பார்ந்த பங்கு மக்களே, ஐம்பது ஆண்டுகளாக நம் கோபுரம் கடலிலிருந்து கரையைத் தேடும் கண்களுக்கு அடையாளமாக நின்றுவருகிறது. இந்த ஆண்டு அதற்குப் புதுச்சுண்ணம் பூசியிருக்கிறோம். இருபது பாகத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறது என்று பெரியவர் நேற்றுத்தான் வந்து சொன்னார். அவர் வள்ளத்தில் பேரன் இப்போது பாயும் எடுத்துச் செல்கிறான். உங்கள் வள்ளத்திலும் அது இருக்கட்டும். நல்ல கயிறும் இருக்கட்டும். கடல் செல்லும் அனைவரையும் இறைவன் கரை சேர்ப்பாராக.